வளரும் குதிகாலும் பள்ளி மைதானமும்

பள்ளிக்கூடங்களில் விளையாட்டுப் போட்டிக் காலம் நெருங்கும்போது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் சிலர் குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் நடக்கத் தொடங்குவதைத் தேகப்பயிற்சி ஆசிரியர்கள் கண்டிருப்பார்கள். கேட்டால் குதிகால் வலிக்கிறது என்பார்கள். காலைப் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, காயமும் இல்லை. மறுநாள் காலையில் சாதாரணமாக நடந்து பள்ளிக்கு வருகிற அதே சிறுவன், மாலையில் ஓடச் சொன்னால் மறுபடியும் நொண்டுகிறான். இந்நிலையில் ஆசிரியர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே அமைகிறது. ஓட்டத்துக்குப் பயந்து பாசாங்கு செய்கிறான் என்று எண்ணி, மேலும் இரண்டு சுற்று ஓடவைப்பது ஒன்று. பெற்றோருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவனை விளையாட்டிலிருந்தே நீக்கிவிடுவது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவது தவறு என்பதை எடுத்துச் சொன்னால் பலரும் ஒப்புக்கொள்வர். இரண்டாவதும் ஏறத்தாழ அதே அளவு தவறு என்பது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

வலிக்குக் காரணம் எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. குதிகால் எலும்பு பாதத்திலுள்ள எலும்புகள் அனைத்திலும் பெரியது. வயது வந்தவர்களிடம் அது ஒரே எலும்பு, குழந்தைகளிடம் அப்படியன்று. அதன் பின்புறத்தில் பிறை வடிவான ஒரு பகுதி தனித்து நிற்கிறது. முதலில் முழுவதும் குருத்தெலும்பாக இருக்கும் இப்பகுதி, பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 5, 6 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 7, 8 வயதிலும் எலும்பாக மாறத் தொடங்குகிறது. இதற்கும் பிரதான எலும்புக்கும் இடையே வளர்ச்சித் தகடு எனப்படும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. பெண்களுக்கு 13, 14 வயதளவிலும், ஆண்களுக்கு 15, 16 வயதளவிலும் இவ்வடுக்கு மறைந்து இரு பகுதிகளும் ஒன்றாகிவிடுகின்றன. அதுவரையில் குதிகால் கட்டி முடியாத சுவரைப் போன்றதே.

இந்தக் கட்டி முடியாத இடத்தின்மீதுதான் உடம்பின் மிகத் தடித்த, மிக வலிமை வாய்ந்த தசைநாண் வந்து பற்றியிருக்கிறது. கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கும் குதிகால் நாண், ஒவ்வோர் எட்டிலும் அப்பகுதியை மேல்நோக்கி இழுக்கிறது. பாதத்தின் அடிப்புறமுள்ள பட்டையும் சிறு தசைகளும் அதே பகுதியை முன்னோக்கி இழுக்கின்றன. தரையில் குதிகால் மோதும் அதிர்ச்சி கீழிருந்து வருகிறது. இம்மூன்றும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் தாக்குகின்றன. நடக்கும்போது இவற்றைப் பிள்ளைகள் உணர்வதே இல்லை. ஓடும்போதும் தாவும்போதும் இவை பல மடங்காகின்றன. போதாக்குறைக்கு, வேகமாக உயரம் ஏறும் பருவத்தில் கால் எலும்பு முந்திக்கொண்டு நீள, கெண்டைச் சதை அதற்கு ஈடுகொடுக்கச் சிறிது காலம் பிடிக்கிறது. அந்த இடைக்காலத்தில் நாண் இறுகி நின்று இழுப்பு மேலும் கூடுகிறது என்பது மருத்துவர்கள் பலரும் கூறும் விளக்கம். வலி பெரும்பாலும் 8 முதல் 14 வயதுக்குள் வருவதும், பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே வருவதும், இரு கால்களிலும் ஒருங்கே வருவது மிகச் சகஜமாக இருப்பதும் இவ்விளக்கத்தோடு பொருந்துகின்றன.

இந்நிலையை 1907 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் பாட்ரிக் ஹாக்லண்டும், 1912 இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் வாரன் செவரும் விவரித்து எழுதினார்கள். பின்னவர் பெயரே நிலைத்து, இன்றும் இது "செவர் நோய்" என்று வழங்குகிறது. பெயர் பொருத்தமானதன்று. நோய் என்ற சொல் பெற்றோரை அச்சுறுத்துகிறது. வேறு என்ன நோய்க்கெல்லாம் இது அறிகுறியோ என்று ஊர் ஊராக அலையச் செய்கிறது. "அழற்சி" என்று முடியும் மருத்துவப் பெயரும் முழுக்கச் சரியன்று. 2004 இல் ஆக்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் எம்.ஆர்.ஐ. படங்களின் உதவியால் ஆராய்ந்து, வளர்ச்சித் தகட்டை ஒட்டிப் புதிதாக உருவாகும் இளம் எலும்பில் திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் ஏற்படும் நுண்ணிய சிதைவே இவ்வலிக்கு மூலம் என்ற கருத்தை வெளியிட்டனர். நோய்க் கிருமியோ சத்துக் குறைவோ இதற்குக் காரணமன்று. தாங்கும் சக்திக்கு மிஞ்சிய சுமையே காரணம். தமிழில் இதைக் "குருத்துக் குதிகால் வலி" என்று அழைத்தால் ஆசிரியரும் தாயும் ஒருங்கே புரிந்துகொள்வர். குருத்து என்றால் இளசு, வளர்வது, அழுத்தினால் கன்றிப்போவது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எக்ஸ்-ரே பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டியிருக்கிறது. முற்காலத்தில், அப்பிறைப் பகுதி படத்தில் அடர்த்தியாகவும் துண்டு துண்டாகப் பிளந்ததாகவும் தோன்றுவதை நோயின் அடையாளம் என்று கொண்டனர். பிற்பாடு, வலியே இல்லாத பிள்ளைகளின் படங்களிலும் அதே தோற்றம் சர்வசாதாரணமாகக் காணப்பட்டது. ஆகையால் படத்தைப் பார்த்து இவ்வலியை நிச்சயிக்க இயலாது. எலும்பு முறிவு, கட்டி, சீழ்ப்பிடிப்பு முதலிய வேறு கோளாறுகள் இல்லையென்று உறுதிசெய்துகொள்ளவே படம் பயன்படும். "எலும்பு உடைந்திருக்கிறது" என்று எவரோ படத்தைப் பார்த்துச் சொல்ல, கட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் பள்ளிக்கு வராமல் இருந்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்காகவே இது இங்கே கூறப்படுகிறது.

கண்டறியும் முறையோ மிக எளியது. குழந்தையை உட்காரவைத்து, குதிகாலின் பின்பகுதியை இரு பக்கமும் உள்ளங்கையால் பற்றி மெதுவாக நெருக்க வேண்டும். குருத்துக் குதிகால் வலியுள்ள பிள்ளை உடனே முகம் சுளித்துக் காலை இழுத்துக்கொள்ளும். ஓடியபின் வலி கூடுகிறதா, ஓய்வில் குறைகிறதா, நெருக்கினால் நோகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்று விடை கிடைத்து, வயதும் பொருந்தினால், பெரும்பாலும் வேறு சோதனை வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு வரும் குதிகால் வலி வேறு வகை. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில், பாதத்தின் அடியில் சுருக்கென்று குத்துவது அது. தாய்க்கு அவ்வலி இருக்குமானால், குழந்தைக்கும் அதுவே வந்துவிட்டது என்று எண்ணித் தன் மருந்தையே கொடுத்துவிடுவாள். இரவில் இரு கெண்டைக்காலும் தொடையும் குடைந்து, காலையில் சுவடின்றி மறையும் "வளர்ச்சி வலி"யும் இதுவன்று. அதில் நொண்டல் இல்லை.

எனினும் கையால் நெருக்கிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் குருத்து வலி என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஜுரம் இருந்தாலும், குதிகால் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியானாலும், ஓய்ந்திருக்கும்போதும் விடாத வலியானாலும், காலையில் நெடுநேரம் கால் விறைத்திருந்தாலும், உடல் மெலிந்து வெளுத்தாலும் தாமதமின்றி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். ஒரு காலில் மட்டும் வலியிருந்தால், முள்ளோ ஆணியோ தைத்ததுண்டா என்று விசாரிப்பது அவசியம். செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகளிடம், மேலே ஆறிப்போன பழைய முள் காயம் உள்ளே எலும்பில் சீழ் பிடித்திருப்பதுண்டு. காசநோய் குதிகால் எலும்பையும் பற்றும் என்பதை இந்தியாவில் பணிபுரியும் எவரும் மறத்தலாகாது. மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் உள்ள களப்பணியாளர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். அரிவாள் செல் இரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு எலும்பு வலியும் எலும்பில் கிருமித் தொற்றும் எளிதில் ஏற்படும். அந்நோயை ஒழிக்க 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய இயக்கத்தின்கீழ் குழந்தைக்குப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துக்கொள்வது நலம்.

இவையெல்லாம் இல்லையென்று ஆனபின் சிகிச்சை யார் கையில் இருக்கிறது? டாக்டர் கையில் இருப்பதைக் காட்டிலும் தேகப்பயிற்சி ஆசிரியர் கையில்தான் அதிகம் இருக்கிறது. மருத்துவர் தரக்கூடியது வலி மிகுந்தால் பாரசிட்டமால், சிறிது ஆலோசனை, பெற்றோருக்குத் தைரியம் ஆகியவையே. இதற்கு அறுவை சிகிச்சை இல்லை. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுவது இதற்குரிய சிகிச்சை அன்று. "கால்சியம் குறைவு" என்று மாதக்கணக்கில் மருந்து வாங்கிக் கொடுப்பதாலும் சுமை குறைந்துவிடாது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுட்ட செங்கல்லின்மேல் எருக்கிலையை வைத்து அதன்மீது குதிகாலை அழுத்தச் சொல்லும் வழக்கம் உண்டு. பெரியவர்களுக்கு அது இதமாக இருக்கலாம். குழந்தையின் தோல் வெந்துபோகும் அபாயம் இருப்பதால் குழந்தைகளுக்குக் கூடாது. ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிஷம் வைப்பதே போதும்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் கருதத்தக்கது. 2016 இல் வெளியான அந்த ஆய்வில், இவ்வலியுள்ள 101 பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வலி தரும் விளையாட்டைக் குறைத்துக் காத்திருந்தனர். ஒரு பிரிவினருக்குக் காலணியில் குதிகாலைச் சற்று உயர்த்தும் திண்டு வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு முறையான தசைப் பயிற்சி தரப்பட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மூன்று பிரிவினருமே நன்கு குணமடைந்திருந்தனர். அவர்களுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திண்டு வைத்துக்கொண்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் சற்று அதிகத் திருப்தி இருந்தது, அவ்வளவே. பணமும் பிசியோதெரபி நிலையமும் இல்லாத ஊர்ப் பள்ளிக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. சுமையை அறிந்து குறைப்பவர் யாராயினும் அவரே வைத்தியர் என்றாகிறது.

அப்படியானால் பள்ளியில் இச்சுமை எவ்வாறு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். பல மாநிலங்களில் கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கிறது. விடுமுறையில் ஓடியாடிய பிள்ளைகளும் உண்டு, தொலைபேசித் திரையின் முன் உட்கார்ந்தே கழித்த பிள்ளைகளும் உண்டு. ஓரிரு மாதத்தில் வட்டாரப் போட்டிகள் வந்துவிடுகின்றன. திடீரென்று தினமும் காலையும் மாலையும் ஓட்டம், தாண்டுதல், கபடி, கோ-கோ. அதே வாரங்களில் ஆகஸ்டு 15 க்கு அணிவகுப்பு ஒத்திகையும் சேர்ந்துகொள்கிறது. "சாவ்தான்" என்றதும் சிமெண்டுத் தரையில் குதிகாலை ஓங்கி அறைவதே மிடுக்கு என்று சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஒரு மணி நேர ஒத்திகையில் பத்து வயதுக் குழந்தையின் குதிகால் எத்தனை முறை அறையப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் எவரும் இல்லை போலும். படைவீரனுக்கு அப்பழக்கம் தேவையாக இருக்கலாம். அவனுடைய குதிகால் எலும்பு இணைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் அணிவகுப்பில் காலை அறையும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடலாம். கொடிக்குச் செய்யும் மரியாதை அதனால் குறைந்துவிடாது.

ஒரே வகுப்பில், ஒரே வயதில் உள்ள பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை என்பது விளையாட்டு நிர்வாகிகளுக்குத் தெரியாத செய்தியன்று. வயது மோசடியைத் தடுக்க மத்திய அரசாங்கம் 2010 இல் விதித்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. கிரிக்கெட் வாரியமோ இளம் ஆட்டக்காரர்களின் மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதை மதிப்பிட்டு வருகிறது. பொய் வயது சொல்பவனைப் பிடிக்க எலும்பின் வயதைப் பார்க்கும் அதே அக்கறை, பயிற்சியின் அளவை நிர்ணயிக்கும்போது மட்டும் மறைந்துவிடுவது விந்தையே. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஓடும் இரு சிறுவர்களில் ஒருவனுக்குக் குதிகால் இணையும் தறுவாயில் இருக்கும். மற்றவனுக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். இருவருக்கும் ஒரே பத்துச் சுற்று என்பது சமத்துவம் அன்று.

"அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் ஓடினார்கள், எவருக்கும் கால் போய்விடவில்லை" என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இவ்வலியால் நிரந்தர ஊனம் ஏற்படுவதில்லை. எலும்பு இணைந்ததும் வலி தானே தீர்ந்துவிடும். ஆனால் அதற்குள் எத்தனை பிள்ளைகள் பாசாங்குக்காரன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு மைதானத்தை விட்டே போனார்கள் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. போனவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை.

இதன் மறுபக்கம் முழு ஓய்வு. பெண் பிள்ளைகளுக்கு இதனால் வரும் நஷ்டம் மிகப் பெரிது. அவர்களுக்கு இவ்வலி ஒன்பது பத்து வயதில் வருகிறது. பல குடும்பங்களில் அவ்வயதையடுத்து, பெண் மைதானத்துக்குப் போக வேண்டுமா என்ற பேச்சு எப்படியும் எழும். அந்நேரத்தில் பள்ளியிலிருந்தே "கால் சரியாகும் வரை விளையாட வேண்டாம்" என்று சீட்டு வருமானால், கால் சரியான பிறகும் அவள் வரமாட்டாள். ஆகவே "விளையாட வேண்டாம்" என்ற உத்தரவை ஆசிரியர் எளிதில் எழுதிவிடக் கூடாது. "இன்றைக்கு ஓட வேண்டாம், பந்து எறியலாம், அடுத்த வாரம் பாதி ஓடலாம்" என்பதே சரியான உத்தரவு.

அளவு பார்ப்பது கடினமன்று. நொண்டி ஓடும் அளவுக்கு வலித்தால் அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். ஓடும்போது சிறிது வலித்தாலும் நொண்டாமல் இருந்து, மறுநாள் காலைக்குள் வலி தீர்ந்துவிடுமானால், அவ்வளவு சுமையை அக்குதிகால் தாங்குகிறது என்று பொருள். மறுநாளும் நீடித்தால் முந்தின நாள் மிஞ்சிவிட்டது, குறைக்க வேண்டும். தாண்டுதலையும் வேக ஓட்டத்தையும் முதலில் குறைத்து, நீச்சல், சைக்கிள், எறிதல், மெதுநடை ஆகியவற்றை இடையில் வைக்கலாம். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே நீட்டி, குதிகாலைத் தரையில் பதித்துக் கெண்டைச் சதையை இழுத்து நிற்கும் பயிற்சியை, வலி தணிந்த நாட்களில் மெதுவாகச் செய்விக்கலாம். வலி சில வாரங்களில் போகலாம், சில மாதங்களும் எடுக்கலாம். போனது அடுத்த போட்டிக் காலத்தில் திரும்பவும் கூடும். திரும்பினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை.

காலணியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தேகப்பயிற்சி நாளுக்கென்று வாங்கும் வெள்ளைக் கான்வாஸ் ஜோடுகளில் பல, அடி மெலிந்து, குதிகாலில் மெத்தென்று எதுவும் இல்லாதவை. அண்ணனுக்குப் போட்டுத் தேய்ந்ததைத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளில் அடி முழுவதும் போயிருக்கும். குமிழ் வைத்த கால்பந்துப் பூட்சுகளில் குதிகால் தாழ்ந்தே இருப்பதால் நாண் மேலும் இழுபடுகிறது. இறுகிய தரையில் அவை மிகவும் பொல்லாதவை. ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ரப்பரையோ கெட்டிக் கம்பளித் துணியையோ வெட்டி, இரண்டு ஜோடுகளிலும் குதிகாலின் கீழ் வைத்தால் இழுப்பும் அதிர்ச்சியும் தணியும். ஒரு காலில் மட்டும் வைப்பது கூடாது. காலணியே இல்லாத குழந்தைக்குத் திண்டு வைக்க முடியாது. அங்கே தரையைத்தான் மாற்ற வேண்டும். சிமெண்டு முற்றத்தை விட்டு மண் தரைக்கும், மண் இறுகியிருந்தால் கொத்தி நீர் தெளித்த தரைக்கும் பயிற்சியை மாற்றிக்கொள்ளலாம். இதற்கு மேலிடத்து அனுமதி எதுவும் வேண்டியதில்லை.

களப்பணியாளர்கள் பங்கு இதில் என்ன என்ற கேள்வி எழலாம். 2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறை. குருத்து வலி அக்குழு வரும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. குழு வரும் நாளில் பெரும்பாலும் வலியே இராது. ஆயுஷ்மான் பாரத் பள்ளிச் சுகாதாரத் திட்டம் 2020 இல் வகுத்தபடி, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் சுகாதாரத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள். இத்தூதுவரும் தேகப்பயிற்சி ஆசிரியரும் பல பள்ளிகளில் இவ்விஷயங்களைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொள்வதில்லை. முன்னவர் சத்துணவையும் சுத்தத்தையும் பற்றி வகுப்பு நடத்துகிறார். பின்னவர் மைதானத்தில் விசில் ஊதுகிறார். போட்டிக் காலத்துக்கு முன்னதாக, ஜூன் மாதத்திலேயே, இருவரும் உட்கார்ந்து எட்டு வார அட்டவணை ஒன்று போட்டு, முதல் வாரத்தில் அரைமணி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டமில்லாத நாளாக விடுவார்களானால், வலி வந்தபின் தேடும் வேலை பெரிதும் குறையும். கிராம சுகாதார ஊழியர்கள் வீட்டுக்குச் செல்லும்போது, நொண்டும் பிள்ளையின் தாயிடம் இரண்டு விஷயங்களைச் சொன்னால் போதும். இது எலும்பு வளரும் இடத்து வலி, வளர்ந்து முடிந்தால் போய்விடும் என்பது ஒன்று. ஜுரமோ வீக்கமோ இரவு வலியோ கண்டால் மட்டும் அன்றே வந்து சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று.

முழங்காலுக்குக் கீழே, முன்புறம் புடைத்து வலிக்கும் பிள்ளைகளும் இவ்வயதை அடுத்து வருவார்கள். 1903 இல் பாஸ்டனில் ஆஸ்குட், ஸூரிச்சில் ஷ்லாட்டர் ஆகிய இருவரும் தனித்தனியே விவரித்த நிலை அது. இடம் வேறே தவிர, தொடைச் சதையின் நாண் வளரும் எலும்பை இழுப்பதால் வருவதே அதுவும். குதிகாலுக்குக் கூறிய அதே அளவுகோலை அங்கும் வைத்துப் பார்க்கலாம்: நொண்டினால் நிறுத்துவது, மறுநாள் காலையில் கேட்பது, அதற்கேற்பக் கூட்டிக் குறைப்பது.